பாலோ டூரோவில் குதிரைச் சவாரி

ஒரு நாள் உல்லாசப் பிரயாணத்திற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால், கட்டுச்சாதம், கூஜா, குடை, ஜமக்காளம் என்று நம் வீட்டுக் குழந்தைகள்கூட வரிசையாக ஒப்புவித்து விடும். ஆனால் குதிரையோடு புறப்படுகிறவர் தம் மூட்டையைக் கடைசியில்தான் கட்ட வேண்டும். அன்றைக்கு எஜமானர் அவரல்ல, குதிரைதான். அது எவ்வளவு தூரம் நடக்கும், எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே தண்ணீர் குடிக்கும் என்பவற்றைக் கொண்டே மற்ற ஏற்பாடுகளெல்லாம் தீர்மானமாகும். இந்த உண்மையை நன்கு உணர்த்தும் ஸ்தலம் ஒன்று அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் இருக்கிறது. பாலோ டூரோ பள்ளத்தாக்கு என்பது அதன் பெயர்.

அமரில்லோ நகரத்திலிருந்து ஏறக்குறைய 25 மைல் தூரம். வழி நெடுகிலும் மேசைப் பலகை போலச் சமதரையான புல்வெளி. அதில் சென்றுகொண்டிருக்கும்போதே பூமி சட்டென்று பிளந்து, 800 அடி ஆழத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது! ரெட் நதியின் கிளையாறு ஒன்று நெடுங்காலமாக அறுத்து உண்டாக்கிய இந்தப் பள்ளத்தாக்கு சுமார் 120 மைல் நீளமுள்ளது. செக்கச் செவேலென்ற களிமண் பாறைகளும், அவற்றினூடே வெள்ளைக் கோடுகளாக ஓடும் ஜிப்ஸமும் பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும். ஒரு பாறைச் சரிவுக்கு 'ஸ்பானியப் பாவாடை' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். பாலோ டூரோ என்றால் ஸ்பானிய பாஷையில் 'கடினமான மரம்' என்று பொருள். வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த 1933-ம் ஆண்டில், அரசாங்க நிவாரணத் திட்டத்தில் சேர்ந்த ஆட்கள் இங்கே பாதை வெட்டத் தொடங்கினர். 1934 ஜூலை 4-ந் தேதி இது மாகாணப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இங்கே சவாரி செய்ய விரும்புவோர் முதலில் பருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோடையில் பள்ளத்தாக்கின் அடித்தளம் அடுப்பாகக் காயும். உஷ்ணம் 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். இலையுதிர் காலமும் இளவேனிலும் உத்தமம். அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நலம். சொந்தக் குதிரையைக் கொண்டு வருபவர்கள், அதற்குத் தொற்று ரத்தசோகை நோய் இல்லையென்று பன்னிரண்டு மாதத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்து வாங்கிய அத்தாட்சியைக் காட்ட வேண்டும். மனிதர் நுழைய ஒரு சீட்டு, குதிரை நுழைய ஒரு சீட்டு என்று சொல்லலாம்! குதிரைச் சவாரிக்கென்று 1,500 ஏக்கர் நிலத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். மேலிருந்து கீழே இறங்கும் சாலை செங்குத்தானது. பத்தடிக்கு ஓரடி சரிகிறது. ஆகையால் குதிரைகளை ஏற்றிவரும் வண்டியின் 'பிரேக்'கை வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும்.

அடுத்தது கணக்கு. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் சிரமமின்றிச் சுமக்கும். ஆயிரம் ராத்தல் எடையுள்ள குதிரைக்கு, சவாரி செய்பவர், சேணம், பை எல்லாம் சேர்த்து இருநூறு ராத்தலுக்கு மேல் ஏற்றலாகாது. நடையில் அது மணிக்கு நான்கு மைல் போகும். சாதாரண நாளிலேயே ஐந்து முதல் பத்து காலன் வரை தண்ணீர் குடிக்கும். வெயில் நாளில் இன்னும் அதிகம். எனவே ஆற்றை நம்பாமல், பீப்பாயில் தண்ணீர் கொண்டு செல்வதே புத்திசாலித்தனம். பொழுது விடியும்போது புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். முதல் நாள் மழை பெய்திருந்தால் பயணத்தையே ஒத்திப் போடுவது மேல். களிமண் பாதையில் குளம்புகள் புதையும், பாதையும் பாழாகும். ஆற்றில் திடீர் வெள்ளமும் வரக்கூடும். பாறை இடுக்குகளில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு என்பதையும் மறக்கலாகாது.

இத்தனை ஜாக்கிரதையும் ஒரு விலங்குக்காகவா என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவுக்கு ஸ்பானியர் கொண்டுவந்த குதிரையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் தங்கள் உயிராகவே ஆக்கிக்கொண்டவர்கள் கொமாஞ்சி என்னும் பூர்வ குடிகள். அவர்களைப் போன்ற சவாரிக்காரர்கள் அந்தச் சமவெளியில் கிடையாது. 1867-ம் ஆண்டு உடன்படிக்கை அவர்களுக்கு எருமை வேட்டையாடும் உரிமையை ஒப்புக்கொண்டிருந்தும், வெள்ளை வேட்டைக்காரர்கள் தோலுக்காக அந்தக் காட்டெருமைகளைக் கொன்று குவித்தார்கள். சண்டை மூண்டது. 1874 செப்டம்பர் 28-ந் தேதி விடியற்காலையில், கர்னல் மெக்கென்ஸியின் படை இப்பள்ளத்தாக்கில் இறங்கி, கொமாஞ்சி, கயோவா, ஷையன் மக்களின் குளிர்காலக் குடியிருப்புகளைத் தாக்கியது. மாண்ட மனிதர் சிலரே. ஆனால் கூடாரங்களும் சேமித்த உணவும் தீக்கிரையாயின. 1,400-க்கு மேற்பட்ட குதிரைகள் பிடிபட்டன. தம் ஆட்களுக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை அருகிலுள்ள ட்யூல் பள்ளத்தாக்கில் சுட்டுக் கொல்லும்படி மெக்கென்ஸி உத்தரவிட்டார். ஒரு ஜனசமூகத்தை அடக்குவதற்கு அதன் குதிரைகளைக் கொன்றாலே போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. குளிர்காலம் வந்தது. வேட்டையாட வழியில்லை; ஓடவும் வழியில்லை. 1875 ஜூன் மாதத்தில் குவானா பார்க்கரின் கூட்டமும் சரணடைந்தது. மறு ஆண்டிலேயே சார்லஸ் குட்நைட் என்பவர் இப்பள்ளத்தாக்கில் மாட்டு மந்தைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

இன்று உல்லாசமாகச் சவாரி செய்யும் இப்பாதைகள் அத்தகைய பூமியில்தான் செல்கின்றன. இதை அறிந்து செல்வதால் அங்குள்ள அழகு குறைந்துவிடாது. ஏறியிருக்கும் பிராணியின் அருமைதான் கூடும்.

சவாரியின் கடைசி அரை மைலில் கீழே இறங்கி, கடிவாளத்தைக் கையில் பிடித்துக் குதிரையோடு கூடவே நடப்பது நல்ல சவாரிக்காரர்களின் வழக்கம். அதன் உடற்சூடு தணிவதற்கு அது உதவும். பிறகு சேணத்தைக் கழற்றி, முதுகில் சிராய்ப்பு உண்டா, குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் காட்ட வேண்டும். அது வயிறு நிறையக் குடித்துத் தலையை நிமிர்த்திய பின்பு, நம்முடைய சோற்று மூட்டையை அவிழ்க்கலாம்.