உப்பளமும் தியான மண்டபமும்

மன அமைதி தேடிப் போவதென்றால் நம் வீடுகளில் உடனே ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறோம். மலை ஏறாமலே யோகமும் தியானமும் நல்ல சாப்பாடும் கிடைக்கிற இடம் நம் கடலோரத்தில் இருக்கிறது, சகோதரிகளே! சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஆரோவில்லுக்குப் புறப்படுங்கள். ஆனால் வழியில் மரக்காணத்தில் இறங்காமல் போய்விடாதீர்கள்.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. இன்று இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகள். உவர்நீரைப் பாய்ச்சி வெயிலில் வற்றவிட்டால் உப்புப் பூக்கிறது. ஆண்கள் நீண்ட கோலால் அதை வாரிக் கூட்ட, பெண்கள் கூடையில் சுமந்து கரையில் குவிக்கிறார்கள். வெண்மையின் கூச்சம் கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீர் பாதத்தை வெடிக்க வைக்கிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

இங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் இந்நகருக்கு அஸ்திவாரமிட்டபோது 124 நாடுகளின் மண்ணை ஒரே கலசத்தில் இட்டார்கள். அன்று பொட்டலாகக் கிடந்த செம்மண் பூமி, இன்று அடர்ந்த தோப்பு!

நடுவே தங்கத் தகடுகள் பதித்த உருண்டையாக மாத்ரி மந்திர் நிற்கிறது. 1971-ல் தொடங்கிய கட்டட வேலை 2008-ல் முடிந்தது. உள்ளே விக்கிரகம் இல்லை, ஊதுவத்தி இல்லை, மந்திரமும் இல்லை. வெள்ளைக் காலுறை அணிந்து, ஓசைப்படாமல் அமர வேண்டியதுதான். எதிரே 70 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பளிங்குக் கோளம். அதன்மேல் ஒரே ஒரு சூரியக் கதிர். உள்ளே செல்ல முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆசனம் பழக வகுப்புகளும் உண்டு. ஆனால் ஸ்ரீ அரவிந்தர் காட்டிய யோகம் ஆசனத்தோடு நிற்பதல்ல. செய்கிற வேலையையே சிரத்தையோடு அர்ப்பணமாகச் செய்தால் அதுவும் யோகம்தான். நம் அடுப்படிக்கும் அதில் இடமுண்டு!

அடுப்படி என்றதும் நினைவுக்கு வருகிறது, இங்குள்ள சூரிய சமையலறை. கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் கண்ணாடிக் கிண்ணம். அது சேர்க்கும் வெப்பத்தில் நீராவி உண்டாகி, நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு வேகிறது. வெயில் போதாத நாளில் கொதிகலன் கைகொடுக்கும்.

அந்தச் சோற்றை வேகவைக்கும் அதே சூரியன்தான் மரக்காணத்தில் உப்பை விளைவிக்கிறது. அந்தப் பெண்களின் கண்ணையும் வாட்டுகிறது. வேலையே யோகம் என்றால் அவர்கள் செய்வது கடினமான யோகம். அதற்கு நியாயமான கூலியும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும், காலுக்குக் காப்பும், மழைக்காலத்தில் அரை வயிற்றுக்காவது உத்தரவாதமும் வேண்டாமா?

போகும்போது குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தியான மண்டபத்தைக் காட்டுமுன் உப்பளத்தைக் காட்டுங்கள். பிறகு இலை ஓரத்தில் வைத்த உப்பை அவர்கள் வீணாக்க மாட்டார்கள்.