கூட நடந்து வரும் வாத்தியார்

வட கரோலினாவில் நாங்கள் குடியிருக்கும் கேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கார் ஓட்டினால் கோல்ஃபுக்குப் பேர்போன பைன்ஹர்ஸ்ட் வந்துவிடும். ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் 1895-இல் மணற்காட்டை வாங்கி எழுப்பிய ஊர். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கியதும் அதே 1895-இல்தான். கொடைரோட்டில் பிறந்து வளர்ந்தும் அந்த மலைமேல் மைதானத்தில் கால் வைக்க எனக்கு வாய்க்கவில்லை. கடல் கடந்து வந்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் மட்டையைப் பிடித்தேன்.

இங்குள்ள தமிழர்களில் என்னைப் போல் நடுவயதில் கோல்ஃபுக்கு வந்தவர்கள் பலர். ஓரளவு ஆடப் பழகியதும் எல்லோருக்கும் வருகிற கேள்வி, எந்தக் கோல்ஃப் பள்ளியில் சேரலாம் என்பது. இரண்டு மூன்று நாள் வகுப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரைத் தாண்டும் இடங்கள் உண்டு. பிள்ளைகளுக்குக் கோச்சிங் சென்டர் பார்த்த பழக்கத்தில், எது நம்பர் ஒன் என்று விசாரிக்கிறோம். அதற்கு முன் நம் ஸ்கோர் கார்டை விசாரிக்க வேண்டும்.

நான்கைந்து ஆட்டங்களுக்கு அடிகளைப் பிரித்து எழுதிப் பாருங்கள். டீயிலிருந்து அடித்ததில் காட்டுக்குள் போனது எத்தனை, அபராத அடி எத்தனை, நூறு கெஜத்துக்குள் வந்த பிறகு எத்தனை, பட்டிங் எத்தனை. இதில் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நாசாவில் இயற்பியலாளராக இருந்து கோல்ஃப் ஆசிரியரான டேவ் பெல்ஸ், நூறு கெஜத்துக்குள் அடிக்கும் அடிகளில்தான் ஆட்டம் இருக்கிறது என்று பள்ளியே நடத்தினார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஆட்டக்காரர்களின் அடிகளைக் கணக்கெடுத்து 2014-இல் ஒரு புத்தகம் எழுதினார். நல்ல ஆட்டக்காரரையும் சுமார் ஆட்டக்காரரையும் பிரிக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நூறு கெஜத்துக்கு வெளியே நடப்பது என்பது அவர் முடிவு. என் வட்டாரத்துக்குப் பிராடி சொல்வதே பொருந்துகிறது. தாமதமாக வந்தவர்களின் பந்து முதல் அடியிலேயே தொலைகிறது. ஆனால் 2024 யூ.எஸ். ஓபனைப் பைன்ஹர்ஸ்டில் பிரைசன் டிஷாம்போ வென்றது, கடைசிக் குழியில் 55 கெஜத் தூரத்து மணல் பள்ளத்திலிருந்து கொடியருகே போட்ட பந்தால். ஆகவே பொது விதி எதையும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் கார்டு எங்கே ஒழுகுகிறதோ, அதைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிதான் உங்களுக்கு ஏற்றது.

என் மாமா கொடைரோடு ஸ்டேஷனில் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். மட்டைப் பையோடு இறங்குகிறவர்களை வத்தலக்குண்டு வழியாக மலைக்கு ஏற்றிப்போய், ஆட்டம் முடியும்வரை கிளப் வாசலில் காத்திருப்பார். கோல்ஃப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அவருடையது: “மாப்ள, பந்து எங்க போவும்னு அடிக்கிறவருக்குத் தெரியாது. பையத் தூக்கிட்டுக் கூடவே நடக்குற பையனுக்குத்தான் தெரியும்.” 2009-இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்ற சி. முனியப்பா, பெங்களூரில் கேடியாகப் பை சுமந்து ஆட்டம் பழகியவர். மாமா அவரை அறிந்திருக்க வழியில்லை. ஆனாலும் மாமாவின் பேச்சு எத்தனை சரி என்று முனியப்பாவின் கதையைப் படித்தபோது புரிந்தது.

அதனால் பள்ளியிடம் நான் முதலில் கேட்பது, ஆசிரியர் எங்களோடு மைதானத்தில் நடப்பாரா என்பதுதான். பிஜிஏ சான்றிதழ் வேண்டும். அது பயிற்சி பெற்றவர் என்பதற்கு உத்தரவாதம். பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் டிராக்மேன் ரேடாரும் நல்ல கருவி. ஒரு ஆசிரியருக்கு நான்கு பேருக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். ஆனால் இவை எல்லாமே பயிற்சித் திடலிலேயே முடிந்துவிட்டால் போதாது.

நான் சேர்ந்த பள்ளியில் எங்கள் குழுவில் ஒரு தெலுங்குப் பெண்மணி இருந்தார். திடலில் விரிப்பின்மேல் நின்று அடித்தால் பந்து நூல் பிடித்த மாதிரி போகும். மைதானத்தில் எல்லாம் வலப்பக்கம். ஆசிரியர் அவருடைய ஸ்விங்கைத் தொடவே இல்லை. அடிக்கத் தயாராக நின்றவரை அசையாமல் இருக்கச் சொல்லி, அவர் கால் விரல்களை ஒட்டி ஒரு மட்டையைத் தரையில் கிடத்தினார். “இப்போது பின்னால் வந்து பாருங்கள்” என்றார். மட்டை கொடியைக் காட்டவில்லை, வலப்பக்கத்து ஓக் மரத்தைக் காட்டியது. திடலில் விரிப்பின் ஓரமே திசை காட்டிக்கொண்டிருந்தது. புல்வெளியில் அப்படி எந்தக் கோடும் இல்லை. திடலோடு நின்றுவிடும் பள்ளியில் இது மாதக்கணக்கில் ஆனாலும் வெளிப்பட்டிருக்காது.

இன்னொன்று, வகுப்பு முடிந்த பிறகு என்ன என்பது. மூன்று நாளில் கேட்டது மூன்று வாரத்தில் மறந்துபோகும். என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று எழுதித் தருவார்களா, ஒரு மாதம் கழித்து வீடியோ அனுப்பினால் அதே ஆசிரியர் பார்ப்பாரா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். இந்தக் காரணத்தால்தான், பைன்ஹர்ஸ்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், வீட்டுக்குப் பக்கத்துப் பொது மைதானத்தில் நடக்கும் சிறிய பள்ளியை நான் தேர்ந்தெடுத்தேன். சனிக்கிழமை காலையில் சந்தேகம் வந்தால் மத்தியானமே போய்க் கேட்டுவிடலாம்.