யாருக்குய்யா?

எங்கள் கூட்டத்தில் "அருமையான புத்தகம், கட்டாயம் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு யாரும் தப்ப முடியாது. மருந்துக்கடை அண்ணாச்சி உடனே, "யாருக்குய்யா?" என்பார்.

கோவில்பட்டியில் அவருடைய கடை வாசல்படிதான் எங்களுக்குச் சபை. இரவு ஒன்பது மணிக்கு மேல் வியாபாரம் ஓய்ந்ததும் ஒவ்வொருவராக வந்து உட்காருவோம். தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் சார், தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், பக்கத்துக் கடை டெய்லர் தம்பி, நான். இலக்கியவாசம் உள்ள ஊர்தான் இது. தேவதச்சனும் கோணங்கியும் பூமணியும் சோ. தர்மனும் நடந்த தெருக்கள். ஆனால் எங்கள் படியில் எழுத்தாளர் ஒருவரும் கிடையாது. தன் புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டிய கவலை யாருக்கும் இல்லாததால் எங்கள் சண்டை சுத்தமான சண்டை.

போஸ்ட்மாஸ்டர் சார் எனக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே சிலர் என்னிடம் அதைப் புகழ்ந்திருந்தார்கள். தமிழின் மகத்தான நாவல் என்றார்கள். மகத்தானது என்று கேட்டதுமே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். சார் மகத்துவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"மெடான், பினாங்குன்னு ஊர்ப்பேரா வந்து விழும். யாரு எவருன்னு நின்னு சொல்ல மாட்டார். நீ பாட்டுக்குப் போய்க்கிட்டே இரு. பாண்டியன் சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருவையும் நினைக்க ஆரம்பிப்பான். அங்க வந்துட்டேன்னா அப்புறம் நான் சொல்ல வேண்டியதில்லை."

எங்கே கால் இடறும், எதுவரை பொறுக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நாவல் 1972-இல் வந்தது, ஆசிரியர் இளமையில் இந்தோனேசியாவில் இருந்துவிட்டு வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர், எழுதியது மொத்தமே இரண்டு நாவல் என்பதையெல்லாம் நான் படித்து முடித்த பிறகுதான் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருந்தால் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்திருப்பேன்.

பட்டியல்களை நான் குறை சொல்லவில்லை. க.நா.சு. சொன்ன பெயர்களைக் குறித்துக்கொண்டு நூலகம் நூலகமாகத் தேடியவர்கள் உண்டு. 'படித்திருக்கிறீர்களா?' என்று ஒரு புத்தகமே எழுதினார் மனிதர். ஆனால் நான் எந்த இடத்தில் சலித்துப்போய்ப் புத்தகத்தை மூடி வைப்பேன் என்று க.நா.சு.வுக்குத் தெரிய வழியில்லை. சாருக்குத் தெரியும்.

அண்ணாச்சி ஆரம்பத்தில் வாசகரே அல்ல. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஸ்டாக் நோட்டு எழுதுவார். அவருக்குக் கணக்குப்பிள்ளைதான் 'ஆரோக்கிய நிகேதன'த்தைக் கொடுத்தார். தாராசங்கர் பந்தோபாத்யாய் வங்காளியில் எழுதி, த.நா. குமாரசாமி தமிழில் தந்த நாவல். நாடியைத் தொட்டு, ஆள் பிழைப்பானா மாட்டானா என்று அறிந்துவிடும் கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாய். அந்த ஊருக்குப் புது மருத்துவம் படித்துவிட்டு வந்து சேரும் இளம் டாக்டர். "உங்க தொழில் கதை அண்ணாச்சி" என்றதோடு சரி, வேறெதுவும் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கப் புத்தகம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. படிக்கிறாரா இல்லையா என்று தெரியாது. கேட்கவும் கூச்சம். ஒரு நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"டாக்டர் சீட்டைப் பார்த்ததும் ஆளுக்கு என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோகும்யா. வாங்க வந்த பொண்டாட்டிக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியாது. 'இது எதுக்கு அண்ணாச்சி?'ன்னு கேப்பாங்க. சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். இந்தக் கிழவன் முகத்துக்கு நேரா சொல்லிப்புடுதான். அது தைரியமா, திமிரான்னு எனக்குப் பிடிபடலை."

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த நாவலைப் பற்றி நான் படித்திருந்த கட்டுரைகளெல்லாம் பழைய வைத்தியம், புதிய வைத்தியம் என்று இரண்டு கட்சி கட்டிப் பேசுபவை. தெரிந்ததைச் சொல்லலாமா கூடாதா என்பதுதான் அதன் முள் என்று அண்ணாச்சி சொல்லித்தான் எனக்கு உறைத்தது. மறுபடி எடுத்துப் படித்தேன். சொந்த மகனின் சாவையே ஜீவன் மஷாய் நாடியில் கண்டுகொள்ளும் பகுதியில், முதல் தடவை சாதாரணமாகத் தாண்டிப் போன வரிகளில் எல்லாம் நின்று நின்று போக வேண்டியிருந்தது. நாம் கொடுக்கும் புத்தகம் வேறு வெளிச்சத்தோடு நமக்கே திரும்பி வருகிறதே, இந்த லாபத்துக்காகவே இன்னும் நிறையப் பேருக்குக் கொடுக்கலாம்.

டெய்லர் தம்பியோடுதான் வாக்குவாதம் அதிகம். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியில் தொடங்கி, ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று வந்தவர். கணக்குப்பிள்ளை ஒரு தடவை, "அதெல்லாம் பஸ்ல படிக்கிறது" என்று சொல்லிவிட்டார். தம்பி காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க குடுத்ததை பஸ்ல கூடப் படிக்க முடியலையே சார்" என்றார். எனக்குத் தம்பி கட்சிதான். ஒரு அத்தியாயத்தை எங்கே வெட்ட வேண்டும் என்று அந்த எழுத்தாளர்களுக்குத் தெரிந்த அளவுக்குச் சில பெரிய பேர்களுக்குத் தெரியாது.

அவருக்குப் பூமணியின் 'வெக்கை'யைக் கொடுத்தது நான். "கொலைக்கதை தம்பி. ஆனா யார் செஞ்சான்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சிரும்" என்றேன். "அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டேதான் வாங்கிப் போனார். பதினைந்து வயசுப் பையன் ஒருவன், அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுவதில் ஆரம்பிக்கும் நாவல். பிறகு அவனும் அவன் அய்யாவும் காட்டிலும் மலையிலுமாக ஒளிந்து திரிகிற நாட்கள்தான் மொத்தமும். மறுநாளே திருப்பிக் கொடுத்தார். வெட்டையும் குத்தையும் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பனும் மகனும் என்ன கிடைத்ததைத் தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். பதிலுக்கு அவர் போஸ்ட்மாஸ்டர் சாருக்கு சுஜாதாவின் 'நைலான் கயிறு' கொடுத்தார். 1968-இல் குமுதத்தில் வந்த தொடர், அவருடைய முதல் தொடர்கதை. சார் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "பய தேவையில்லாத ஒரு வார்த்தை போடலை" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி வராது.

இப்படி ஆள் பார்த்துக் கொடுப்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது. அதைத் தட்டி வைத்தவர் டீச்சர். அவர் கடைவாசலுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தில்தான் பார்ப்போம். ரமணிசந்திரனை மறைக்காமல் கையில் வைத்திருப்பவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலை எங்கள் எல்லோரையும் படிக்கவைத்ததும் அவரே. "ரெண்டும் ஒரே பையிலதான் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிடலையே" என்பார். அவர் கேட்டார்:

"ஆளுக்குத் தகுந்த மாதிரி குடுக்கோம்னு பெருமையாச் சொல்லுதீங்க. இந்த ஆளுக்கு வேண்டாம்னு குடுக்காம விடுறதும் அதுலதானே சார் அடங்குது? நம்ம இடைசெவல்காரர் கதையைப் படிச்சதில்லையா?"

இடைசெவல் பக்கத்து ஊர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்து, சேர்ந்து திரிந்த ஊர். டீச்சர் சொன்னது அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. அந்தப் பெயரிலான தொகுப்புக்குத்தான் 1970-இல் அவருக்கு, காலமான பிறகு, சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. புத்தகப் பிரியர் ஒருவர், தன்னைச் சுற்றி வரும் பிள்ளைகளில் தனக்குப் பிரியமானவர்களுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கனுக்கு இல்லை. அந்தப் பையன் பின்னால் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் அவனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதித் தரச் சொல்கிறான். கதை தெரிந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். டீச்சர் சொன்ன இடத்தில் வைத்து அதை யாரும் பார்த்ததில்லை.

எங்கள் சாரங்கன் யார் என்பது சீக்கிரமே தெரிந்தது. தினமும் தூக்குவாளியில் டீ கொண்டுவந்து ஊற்றிவிட்டு, கிளாஸ் காலியாகும்வரை தூணோரம் நின்று நாங்கள் பேசுவதைக் கேட்கும் டீக்கடைக்காரர். ஊர் கழுகுமலை. 'உங்களுக்கு எது பிடிக்கும்?' என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. அவரே கேட்டார்: "அஞ்ஞாடில எங்க ஊரு வருதாமே சார், குடுங்களேன்."

போஸ்ட்மாஸ்டர் சார் அப்போதுதான் அதை வாங்கி வைத்திருந்தார். பூமணிக்கு 2014-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்த நாவல். ஆயிரம் பக்கத்துக்கு மேல். இரண்டு சிறுவர்களின் சிநேகத்தில் ஆரம்பித்து, 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் என்று தலைமுறைகளின் கதையை இழுத்துக்கொண்டு போவது. இவர் பத்துப் பக்கம் தாண்ட மாட்டார், நாலு நாளில் வந்துவிடும் என்று நினைத்து சார் தூக்கிக் கொடுத்தார்.

மத்தியானம் அடுப்பு சும்மா இருக்கிற நேரத்தில் பாய்லருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் படித்துக்கொண்டே போகிறார். இரவில் டீயோடு விளக்கவுரையும் வருகிறது. எந்தக் குடும்பம் எந்தத் தெருவில் இருந்தது, தேர் எந்த முக்கில் திரும்பும், அவருடைய பாட்டி அந்தக் கலவரத்தை எப்படி வேறு மாதிரி சொல்லுவாள் என்று நிற்காமல் சொல்கிறார். கணக்குப்பிள்ளை தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அதைக் குறித்துக்கொள்கிறார். போன வாரம் சார் பொறுக்க மாட்டாமல் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டார். முக்கால்வாசி முடிந்துவிட்டதாம். ஆனால் நடுவில் எட்டயபுரத்திலிருந்து மச்சான் வந்தானாம், எங்க பாட்டி பேச்சு மாதிரியே இருக்கே என்று புரட்டிப் பார்த்துவிட்டுக் கையோடு கொண்டுபோய்விட்டானாம்.

அதிலிருந்து சார் அந்தக் கடை டீ குடிப்பதில்லை.