கட்டிலின் அந்தப் பக்கம்

மும்பை தாதரில் அந்த இரண்டு அறை ஃபிளாட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டி.வி. சத்தம் மட்டும்தான். கணவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 64. மனைவி மராத்திப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், வயது 59. கணவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்த நான்காவது மாதம், மனைவி தன் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் பழைய அறைக்குப் போய்விட்டார். "ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார், என்னால் அவர் தூக்கம் கெட வேண்டாம்" என்று மகளிடம் காரணம் சொன்னார். கணவர் அதை அருவருப்பு என்று எடுத்துக்கொண்டார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கதிர்வீச்சு முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி தொடர்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தடுத்தால் இந்தப் புற்று சுருங்கும் என்று அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். ஊசியின் வேலையும் அதுதான். ஆனால் ஹார்மோன் வற்றினால் ஆசையும் வற்றும். உறுப்பு ஒத்துழைக்காதது ஒரு பிரச்சினை. அதற்கு 1998இல் வயாகரா வந்துவிட்டது. நினைப்பே வராமல் போவதற்கு அந்த மாத்திரையால் பயனில்லை. (இதை யாரும் அவரிடம் சொல்லவில்லையா? சொன்னார்கள், கையெழுத்துப் போட்ட படிவத்தின் இரண்டாம் பக்கத்தில்.) கேட்கவும் அவருக்குக் கூச்சம். பேரன் எடுத்த வயதில் இது எதற்கு என்று டாக்டர் நினைத்துவிட்டால்?

மகள்தான் பிடிவாதமாக ஒரு தம்பதி ஆலோசகரிடம் அனுப்பினார். முதல் நாள் கணவர் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எண்களைத் தசமப்புள்ளி தவறாமல் ஒப்பித்தார். மனைவி அவரை "பேஷண்ட்" என்றே குறிப்பிட்டார். ரிப்போர்ட்டைப் பைக்குள் வைக்கச் சொன்ன ஆலோசகர், உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

கணவர் யோசித்துச் சொன்னார். நடு ராத்திரியில் திடீரென்று உள்ளிருந்து அனல் கிளம்புகிறது. பனியன் நனைந்துவிடுகிறது. பிறகு குளிர்கிறது.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அஹோ, மாதவிடாய் நின்றபோது மூன்று வருஷம் எனக்கும் இதே கதைதான். நான் ஃபேனைக் கூட்டுவேன், நீங்கள் எழுந்து குறைப்பீர்கள்." மராத்தி மனைவியின் 'அஹோ' நம் 'ஏங்க' மாதிரி. பல மாதங்களுக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது.

"அது இதுதானா?" என்று கேட்டார் கணவர். பதினொரு வருஷம் தாமதமான கேள்வி.

அதன் பிறகுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. தொட்டால் அதை ஓர் எதிர்பார்ப்பாக எடுத்துக்கொண்டு அவர் மனம் புண்படுவாரோ என்று மனைவி கையைக்கூடப் பிடிக்காமல் இருந்திருக்கிறார். தொட்டால் மேற்கொண்டு என்ன செய்வது என்ற பயத்தில் கணவரும் ஒதுங்கியிருக்கிறார். அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு வழி உண்டு. உடலுறவுக்குத் தடை. முதுகு, தலை, பாதம் என்று முறை வைத்துத் தொட வேண்டும். எது பிடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பரீட்சையே இல்லை என்றால் தோல்வி பயமும் இல்லை. அந்தத் தடைதான் இதில் முக்கால் மருந்து.

இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. மூன்றாவது சந்திப்புக்குக் கணவர் முதுகுவலி என்று சொல்லி வரவில்லை. சில வாரங்கள் வீட்டுப்பாடம் நடக்கவே இல்லை. ஒரு முறை பாதியில் அழுதிருக்கிறார். கட்டணமும் பென்ஷன்காரர்களுக்கு லேசானதல்ல. ஆனால் மனைவியின் தலையணை திரும்பி வந்துவிட்டது. கணவர் பக்கம் ஒரு டேபிள் ஃபேன், மனைவி பக்கம் கம்பளி.

ஊசியை நிறுத்திய பிறகு பலருக்கு ஹார்மோன் மெல்ல ஊறும், ஆசையும் திரும்பலாம். எல்லோருக்கும் அல்ல. அடுத்த ஊசிக்கு இருவரும் சேர்ந்தே போகிறார்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை மனைவி பழைய பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஏழாவது கேள்வி இதுதான். அதைத் தானே கேட்பதாகக் கணவர் சொல்லியிருக்கிறார்.