நகர்ந்த ஃபீல்டும் வராத பணமும்

பொட்டி தட்டப் போனால் அமெரிக்கா, இல்லாவிட்டால் பெங்களூர் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. நான் வந்து விழுந்தது கொல்கத்தா, சால்ட் லேக் செக்டார் 5. ஞாயிறன்று லேக் மார்க்கெட் போய் இட்லி சாப்பிட்டால் அந்த வாரம் ஓடிவிடும். ஆனால் இது ஊர்க்கதை இல்லை மக்கா. நான் செய்த ஒரு தப்பின் கதை.

சில வருடங்களுக்கு முன், துர்கா பூஜைக்கு முந்தின வாரம். கீழே இறங்கும்போது கட்டடத்து வாட்ச்மேன் வழிமறித்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை தாதா என்பேன், அவரும் என்னை தாதா என்பார். சம்பளச் சீட்டை நீட்டி, "டாக்கா கொம் எஷேசே, தாதா" என்றார். பணம் குறைவாக வந்திருக்கிறதாம். பார்த்தால், ஓவர்டைம் பூஜ்யம். மாதம் முழுக்க ராத்திரி கண்விழித்த மனிதருக்கு!

அவருடைய ஏஜென்சிக்குச் சம்பள மென்பொருள் எழுதிக் கொடுத்தது அடியேன்தான்.

மைஎஸ்க்யூஎல்லில் புது ஃபீல்டை டேபிளின் நடுவிலும் செருகலாம். யாரோ 'பூஜை முன்பணம்' என்று ஒன்றை, கடைசியில் இருந்த ஓவர்டைமுக்கு முன்னால் செருகிவிட்டார். நானோ 'செலக்ட் ஸ்டார்' போட்டு, ஏழாவது ஃபீல்டுதான் ஓவர்டைம் என்று எண்ணி எடுத்திருந்தேன். இப்போது ஏழாவது முன்பணம், எல்லோருக்கும் பூஜ்யம். எர்ரர் வந்திருந்தால் பிழைத்திருப்பேன். வரவில்லை.

ஸ்கீமா வெர்ஷனைக் குறித்துவைக்க ஒரு டேபிள் இருந்தது. கையால் மாற்றியவர் அதைத் தொடவே இல்லை. 2001-ல் ஊர் கொல்கத்தா ஆனபிறகும் ஹைகோர்ட் போர்டில் கல்கத்தா இருக்கிற மாதிரி, அது பழைய எண்ணையே காட்டியது. ஊரில் வழி கேட்டால் யாராவது சொல்வார்கள். புரோகிராம்தான் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்க வழி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றிலும் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' உண்டு. ஆரக்கிளில் அதே வேலைக்கு வேறு வியூக்கள். ஃபீல்டின் பெயர், வகை, நீளம், வரிசை எண், காலியாக விடலாமா என்பது எல்லாவற்றையும் கோத்து ஒரு ஹாஷ் போட்டு வைத்துக்கொண்டேன். புரோகிராம் தொடங்கும்போதும், சம்பளம் போடும் முன்பும் ஒப்பிடும். மாறியிருந்தால் எது என்று தேடும். நாங்கள் படிக்காத ஃபீல்டு கூடியிருந்தால் எச்சரிக்கை மட்டும். படிக்கிற ஃபீல்டு காணவில்லை, வகை மாறியது என்றால் அங்கேயே நின்றுவிடும். 'ஸ்டார்' ஒழிந்தது; எல்லாம் பெயர் சொல்லித்தான் எடுக்கிறேன்.

"சம்பள நாளில் நின்றுபோனால்?" என்று மேனேஜர் கேட்டார். "நின்றால் நமக்குத் திட்டு. தப்பாக ஓடினால் அவர்களுக்குப் பட்டினி" என்றேன். ஒப்புக்கொண்டார்.

இதிலும் ஓட்டை உண்டு. ரூபாய் இருந்த ஃபீல்டில் யாராவது பைசா போட ஆரம்பித்தால் ஹாஷ் மாறாது. அதனால் மொத்தத் தொகையைப் போன மாதத்தோடும் ஒப்பிடுகிறேன்.

விட்டுப்போன பணம் தாதா கைக்கு வந்தது, லட்சுமி பூஜைக்கு முந்தின நாள். துர்கா பூஜை முடிந்திருந்தது. என் கையில் ஒரு சந்தேஷைத் திணித்துவிட்டு கேட்டைத் திறக்கப் போய்விட்டார். வீட்டில் புதுத்துணி எடுத்தார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.