கலையும் கலைஞர் பெயரும்

கலை நன்றாயிருப்பின் போதாதோ, கலைஞன் பெயரை அறிந்து ஆவதென்னை என்று வினவுவார் உளர். விடுதியில் என்னுடன் உறையும் நண்பரொருவர் இவ்வினாவைப் பலமுறை என்னிடம் விடுத்துளார். கோயிற் சிற்பங்களைச் செதுக்கினார் யாவரென ஒருவரும் அறியாராயினும், அவற்றின் அழகு குறைந்துவிட்டதோ என்பது அவர் வாதம். கேட்பதற்கு இனிய வாதமே. எனினும் நம் முன்னோர் அங்ஙனம் கருதினர் என்று கொள்ளுதற்கு இடமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைச் சமைத்த வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் அக்கோயிற் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே பணிபுரிய அமர்த்தப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் இன்னார், இன்ன ஊர்த் தளியினின்று வந்தோர், இத்தெருவில் இத்தனையாவது வீட்டில் இருப்போர் என்று ஒருவர் விடாது குறிக்கப்பட்டுள்ளனர். சங்கப் பாடல்களைத் தொகுத்த பெரியோர் செய்தது இன்னும் வியக்கத்தக்கது. பாடியவர் பெயர் கிட்டாத பல இடங்களில் அவர்கள் வாளா இருந்தாரல்லர். பாட்டினுள் நின்ற அருந்தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயர் சூட்டிவிட்டனர். யாத்திராகமத்திலும், ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்குப் பெசலெயேல் என்னும் கைவினைஞன் பெயர் குறித்தே அழைக்கப்படுகின்றான். அவனுக்குத் துணைநின்ற அகோலியாபின் பெயரும் அங்கே விடுபடவில்லை.

நிற்க. பெருந்தச்சன் காலத்தில் கலைஞனுக்கு அரசனும் கோயிலும் நெல்லளந்தனர். மேற்கூறிய மகளிர்க்கு ஆளுக்கு நூறு கலம் நெல் வரும் பங்கு விதிக்கப்பட்டிருந்தது. பெயர் மறைந்தாலும் அடுப்பு எரிந்திருக்கும். இக்காலத்தில் திரைப்படக் கம்பெனி முதலியவற்றைச் சாராது தனித்து நின்று பாடுவோருக்கும், சித்திரம் வரைவோருக்கும், நிழற்படம் பிடிப்போருக்கும் அளப்பார் யாவர்? அவர்களுக்குப் பெயரே விளைநிலம். பெயரறிந்தவன் அவருடைய அடுத்த பாட்டைத் தேடுவான், படத்தை விலை கொடுத்து வாங்குவான், விழாவுக்கு அழைப்பான். பெயர் அறுபட்டதாயின் இலட்சம் பேர் கண்டு மகிழினும் ஒரு காசும் அவரைச் சென்றடையாது. நம் கைபேசிகளில் நாடோறும் வந்து குவியும் சித்திரங்களை உற்றுநோக்கின், கையொப்பமிருந்த மூலை வெட்டப்பட்டிருத்தலைப் பலவற்றிற் காணலாம்.

யான் இவ்வழக்கத்தை மேற்கொண்டது ஒரு பாட்டினால். எண்ணூர்க் கழிமுகத்தில், சாம்பல் படிந்த சேற்றின் நடுவே நின்று, டி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. புறம்போக்கு என்பது வரி விதிக்கப்படாது, நீர்நிலையாகவும் மேய்ச்சல் வெளியாகவும் ஊரார்க்கெல்லாம் பொதுவாய் விடப்பட்ட நிலம். அச்சொல் எங்ஙனமோ வசைமொழியாயிற்று. அதனை அவ்விழிவினின்று மீட்பதே அப்பாட்டின் நோக்கம். கிருஷ்ணாவை அறியாதார் இலர்; 2016-இல் மகசேசே விருது பெற்றவர். ஆனந்தபைரவி முதலிய இராகங்கள் மாலையாய்த் தொடர, அவற்றினூடே சென்னைத் தெருப்பேச்சு கூச்சமின்றி நடந்து செல்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை. இச்சாகித்தியத்தை இயற்றியவர் யாவர் என்று படத்தின் இறுதிவரை காத்திருந்து பார்த்தேன். மெட்டமைத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார், எழுதியவர் கபேர் வாசுகி. பின்னவர் பெயரை யான் அதற்குமுன் கேட்டதில்லை. தாமே எழுதித் தாமே பாடி இணையத்தில் வெளியிட்டுவருபவர் என்பதைத் தேடியே அறிந்தேன். அவர் பாடல்கள் எல்லாம் எனக்கு உவப்பாயின என்று கூறேன். சில, நண்பர் குழாம் கேட்பதற்கென்றே பாடப்பட்டன போல் ஒலித்தன. ஆயினும் தேர்ந்து மெருகிட்டுத் தருவதை மட்டும் கேட்டுப் பழகிய செவிக்கு, ஒருவர் தம் பாட்டைத் தேடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கேட்பது தனி இன்பம்.

ஒரு பெயர் மற்றொன்றுக்கு வழிகாட்டும். சென்னைத் தெருப்பேச்சிலே பாடுவோர் வேறு யாரெனத் தேடப்புகுந்து, ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவினரை வந்தடைந்தேன். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைஞர் தென்மாவும் கானாப் பாடகரைக் கூட்டி அமைத்த அக்குழு, கீழ்ப்பாக்கத்தில் 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் முதன்முதல் மேடையேறியது. அதில் பாடியோருள் ஒருவர் அறிவு.

அவர் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன் எனலாம். 2021-ஆம் ஆண்டு மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்தது. சந்தோஷ் நாராயணன் இசை. பாடியோர் தீ என்னும் பாடகியும் அறிவும். பாட்டை எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, அங்கும் நிலமின்றித் திரும்பிய இங்கும் நிலமின்றி நின்ற மக்களின் கதையைத் தம் பாட்டியார் வாயிலாகக் கேட்டு, அதனையே அவர் பாட்டாக்கினார். கோடிக்கணக்கான முறை அது கேட்கப்பட்டது. எங்கள் ஊர்த் திருமண வீடுகளில் சிறுவர் ஆடினர். அவ்வாண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அப்பாட்டைப் புகழ்ந்து வெளியிட்ட அட்டையில் தீயும் வேறொரு பாடகரும் இருந்தனர், அறிவு இல்லை. இரஞ்சித் முதலியோர் கண்டித்தபின் அவருக்கெனத் தனியே ஓர் அட்டை இணையத்தில் வந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையில் நிகழ்ந்த சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்கவிழாவிலும் அப்பாட்டு அவரின்றியே பாடப்பட்டது. அதன்பின் யார் எதை எவ்வளவு செய்தார் என்று கலைஞர்க்குள்ளேயே மாறுபட்ட உரைகள் எழுந்தன. மெட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்ப்புக் கூற யான் யார்? 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டினால் தங்களுக்கு ஒரு வருவாயும் கிட்டவில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். பிறர் உண்ண உழைத்தும் நிலமற்று நின்றாரைப் பாடிய பாட்டுக்கே இந்நிலை நேர்ந்ததை என்னென்பது! என் விடுதி நண்பர் இது கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். வாதத்தைக் கைவிட்டாரென்று மட்டும் நினைக்கவேண்டாம்.

நிழற்படக் கலைக்கு வருவோம். இதில் யான் முதலிற் கூறவேண்டிய பெயர் எம். பழனிக்குமார். மதுரையில் மீன் விற்ற தாயின் மைந்தர். மலக்குழியில் மனிதரை இறக்கும் கொடுமையைக் காட்டிய, திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ என்னும் ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவரே. இத்தொழிலில் மனிதரை அமர்த்தலாகாது என 2013-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. எனினும் அதன் பின்னரும் குழியில் மாண்டோரின் வீடுகள் உள்ளன. பழனிக்குமார் அவ்வீடுகளுக்குச் சென்று, எஞ்சிநின்ற மனைவியரையும் மக்களையும் படம் பிடித்தார். இராமநாதபுரக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் மகளிரைப் பிடித்த படங்களும் உள. அப்படங்களில் இரக்கம் வேண்டி நிற்பார் ஒருவரும் இல்லை. எல்லாரும் நம்மை நேரே நோக்குகின்றனர். இதனை யான் பெரிதும் மதிக்கின்றேன். தயாநிதா சிங் பெயரால் ‘பாரி’ வழங்கும் ஆவண நிழற்பட விருதை 2022-இல் முதன்முதற் பெற்றவரும் இவரே. பாரி என்பது பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய, கிராம இந்தியாவுக்கான மக்கள் காப்பகம். அங்கே ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவர், படம் பிடித்தவர் பெயர்களோடு மொழிபெயர்த்தவர் பெயரும் தவறாது இருக்கும். துப்புரவுத் தொழிலாளர், மீனவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கருவியைக் கையிற்கொடுத்துப் பழனிக்குமார் இக்கலையைப் பயிற்றியும் வருகின்றார். வருங்காலத்தில் யான் தேடவேண்டிய பெயர்கள் அப்பிள்ளைகளுடையனவாய் இருக்கக்கூடும்.

சித்திரக்காரருள் ஒருவரை மட்டும் சொல்வேன். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு குலத்தவரான பஜ்ஜு ஷியாம், போபாலில் இரவுக் காவலராயிருந்தவர். தம் சிறிய தந்தையார் ஜங்கர் சிங் ஷியாமிடம் ஓவியம் கற்றவர். உணவுச்சாலை ஒன்றின் சுவரில் சித்திரமெழுத இலண்டன் சென்று, தாம் கண்டவற்றைத் தம் நாட்டு உருவங்களாலேயே வரைந்தார். அவர் சித்திரத்தில் அந்நகரின் புகழ்பெற்ற மணிக்கூண்டு பொழுதறிவிக்கும் சேவலோடு ஒன்றாயிற்று, நிலத்தடி இரயில் மண்புழுவாயிற்று, பேருந்து நாயாயிற்று. சென்னைத் தாரா புக்ஸ் அதனை 2004-இல் நூலாக வெளியிட்டது. கதைக்குப் படம் போட்டவர் என்று சிறிய எழுத்தில் ஒதுக்காமல், அவரையே நூலாசிரியராய் வைத்தமை போற்றத்தக்கது. 2018-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

ஓவியரைப் பற்றி நீட்டிக்க இடமில்லை. சோழமண்டலக் கலைஞர் கிராமத்துக்கு ஒரு மாலை செல்லுங்கள். 1966-இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணாக்கரும் துணியில் மெழுகுச் சாயமிட்டு விற்றும், பிற கைப்பணிகள் செய்தும் சேர்த்த பொருளால் அங்கே கூடி வாழலாயினர். படத்தின் அருகே பெயர் எழுதியிருக்கும், படித்துவிட்டே நகருங்கள்.

இனி நம் வீட்டுச் செய்தி. நூலகத்திலிருந்த நம் ஆண்டு மலர்களை எடுத்து ஒருநாள் புரட்டினேன். பழையதொரு மலரின் அட்டையில், மழையில் நனைந்து நிற்கும் நம் மணிக்கூண்டு மைக்கோட்டில் மிக அழகாக வரையப்பட்டுள்ளது. உள்ளே முதல்வர் பெயர் உண்டு. குழுவினர் பெயர் உண்டு. அச்சகத்தின் பெயரும் விலாசமும் உண்டு. வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை. நூலகப் பணியாளரான பெரியவரிடம் வினவினேன். “தாவர நூல் படித்த பையன், தம்பி. அவங்க துறைச் சுவரிலே மாட்டியிருக்கிற படமெல்லாம் அவன் எழுதினதுதான்” என்றார். ஓடிச் சென்று பார்த்தேன். ஆவாரம் பூவின் குறுக்குவெட்டுப் படத்தடியில், தூசியைத் துடைத்தபின், எறும்பளவில் இரண்டு எழுத்துக்கள் தெரிந்தன: ஆ. சா. அவ்வாண்டின் மாணவர் பதிவேட்டைப் பார்க்க அலுவலகத்தில் அனுமதி கேட்டுள்ளேன். இவ்வாண்டு மலரின் அட்டையை வரைந்த மாணவியின் பெயரை உள்ளட்டையில் அச்சிடுமாறு பத்திராசிரியரையும் வேண்டினேன். இடமிருந்தாற் பார்ப்போம் என்றார்.