கிண்ணத்துக்குள் கள்ளக்கணக்கு

தாம்பரத்தில் காலை மின்சார ரயில் ஏறுகிறவர்கள் இரண்டே வகை. சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர்கள், சாப்பிடாமல் ஏறுகிறவர்கள். நான் ரொம்ப நாள் இரண்டாவது கோஷ்டி. ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ, இரண்டு வடை. அதுதான் டிபன்.

போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடாம். அதாவது, சர்க்கரை வியாதி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் உள்ளே வரவில்லை.

பயந்துபோய் வடையைத் துறந்தேன். ஆபீஸ் நண்பர் சிபாரிசில் கிரனோலாவுக்கு மாறினேன். ஓட்ஸ், பாதாம், விதைகளையெல்லாம் தேன் கலந்து மொறுமொறுவென்று சுட்ட சமாசாரம். பாக்கெட்டின் மேல் வயல், சூரியன், சிரிக்கிற குடும்பம். தினமும் பெரிய கிண்ணம் நிறையப் போட்டு, பால் ஊற்றிச் சாப்பிட்டேன்.

"என்னங்க, ரொம்ப இனிப்பா இருக்கே?" என்றாள் மனைவி.

"அது ஹெல்த் ஃபுட்!" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாமல் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். எது எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். முதலில் ஓட்ஸ். சந்தோஷம். பிறகு சர்க்கரை. கொஞ்சம் தள்ளித் தேன். இன்னும் தள்ளித் திரவ குளுக்கோஸ். படித்த பி.காம். சும்மா இருக்குமா? மூன்றையும் ஒரே தலைப்பில் போட்டுக் கூட்டினால், ஓட்ஸையே எட்டிப் பிடித்துவிடும் போலிருந்தது! இதற்கு எங்கள் பாஷையில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர். போதாக்குறைக்கு, ஒரு வேளை அளவு 30 கிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தான். என் கிண்ணம் நூறைத் தாண்டும்.

இத்தனைக்கும் இது பத்தியச் சாப்பாடாகப் பிறந்தது. நம்மூர் ரயிலில் தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் சானடோரியம்; 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரியால் வந்த பெயர். அதுபோல அமெரிக்காவிலும் ஆரோக்கிய இல்லங்கள் இருந்தன. 1863-ல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் ஊரில் அப்படி ஒன்றை நடத்திய ஜேம்ஸ் காலெப் ஜாக்சன், தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு 'கிரானுலா' என்று கொடுத்தார். ராத்திரியே பாலில் ஊறவைக்காவிட்டால் பல் போய்விடும். பிறகு மிச்சிகனில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற டாக்டரும் அதே மாதிரி செய்து, அதே பெயரை வைத்து, தகராறு வந்ததும் 'கிரனோலா' என்று மாற்றினார். நோயாளிக்கு என்று ஆரம்பித்தது, கடைக்கு வந்து மிட்டாயாகிவிட்டது.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். வீட்டில் அவன் கிடையாது; இரும்புச் சட்டிதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்ததில் எள் கருகியது, வேர்க்கடலை பச்சையாகவே இருந்தது. புகை பார்த்து அம்மா வந்தாள்.

"கார்த்திகைக்குப் பொரியுருண்டை பிடிக்கிறவ வீட்ல இருக்கேன். உனக்கு எதுக்குடா போனைப் பார்த்துச் சமையல்?"

அம்மா ஓட்ஸை ஒதுக்கிவிட்டுக் கெட்டி அவலை எடுத்தாள். இரண்டு டம்ளர். சின்னத் தீயில், கையில் நொறுக்கினால் பொடியாகும்வரை வறுத்தாள். அரை டம்ளர் வேர்க்கடலை, ஒரு பிடி பூசணி விதை, கொஞ்சம் எள், தேங்காய்ச் சீவல் எல்லாம் தனித்தனியாக. பிறகு பாகு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் உருள வேண்டும். முழுசாக ஒரு டம்ளர் வெல்லத்தை அள்ளினாள்.

"அம்மா, அவ்வளவா?"

"வெல்லம்தானேடா..." என்றவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அது அப்பாவின் வசனம். நாற்பத்தைந்து வயதில் அவருக்குச் சர்க்கரை வந்ததும் சீனியை அறவே விட்டார். வெல்லத்துக்கு மாறினார். 'வெல்லம்தானே, உடம்புக்கு நல்லது' என்று, இரண்டு காபி குடித்தவர் நாலு குடித்தார். கடைசி வருஷங்களில் பார்வை மங்கிப்போய், ரயில் எத்தனை தடவை நின்றது என்று விரல்விட்டு எண்ணித்தான் குரோம்பேட்டையா, பல்லாவரமா என்று சொல்வார்.

நானும் 'ஹெல்த் ஃபுட்' என்று அதே கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பாக்கெட்டுக்காரனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவன் பின்னாலாவது உண்மையை அச்சடித்திருந்தான்.

அம்மா டம்ளரை வைத்துவிட்டுக் கரண்டியை என்னிடம் நீட்டினாள். "நீயே போடு."

இரண்டு கரண்டி வெல்லம், ஒரு கரண்டி நல்லெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. பாகு வந்ததும் கிளறித் தாம்பாளத்தில் பரப்பினோம். ஆறும்வரை தொடக் கூடாது, ஆறினால்தான் கட்டியாகும். வெல்லம் குறைந்ததால் எங்களுடையது கட்டியாகவே இல்லை. உதிரி உதிரியாக நின்றது. இப்போது தினமும் எடை பார்த்து 30 கிராம், புளிக்காத தயிரில் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுகிறேன்.

உருண்டை பிடிக்க வரவில்லைதான். ஆனால், கணக்கு உதைக்கவில்லை.